மிதவையின் வேகம்

என் அக்காவைப் போல மெதுவான ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நாலு வெங்காயம் நறுக்க அரை மணி நேரம். அவள் மாடிப்படி ஏறி வருவதற்குள் நான் குளித்தே முடித்துவிடுவேன். "ஆமை, ஆமை" என்று திட்டித் திட்டி என் வாய்தான் வலித்தது.

ஆனால் பதினெட்டு வருடமாகக் கடலுக்கடியில், நீரோட்டத்தோடு ஆட்களைக் கூட்டிப் போய்வருபவள் அவள். "காலை உதைச்சு ஓட்டத்தோட மல்லுக்கட்டாதீங்க. வேகம் கூடினா தரையோட ஒட்டிப் படுங்க, அங்க இழுப்பு கம்மி. நிக்கணும்னா பாறைக்குப் பின்னால ஒதுங்குங்க" என்பாள். அவள் கையில் ஒரு கயிறு; அதன் மறுமுனையில், கடலுக்கு மேலே, ஆரஞ்சு மிதவை. அந்த மிதவையின் பின்னாலேயே படகை ஓட்டுவது என் வேலை.

அன்று அவளோடு இறங்கியவர் ஒரே ஒருவர், ஒரு பல் டாக்டர். இருபதாவது நிமிடம் மிதவை நின்றது. சாய்ந்தது. நீரோட்டம் அதை அமுக்கி உள்ளே இழுத்துக்கொண்டது. அக்கா கீழே எதையோ பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

சற்று நேரத்தில் மிதவை குபுக்கென்று மேலே வந்து, விர்ரென்று ஓடத் தொடங்கியது.

"அதோ போறா! விடு வண்டிய!" என்று படகின் முன்பக்கத்திலிருந்து கத்தினார் மாமா, அக்காவின் புருஷன்.

நான் விடவில்லை.

"மிதவைய விட்டுடாதேன்னு அவளே சொல்லியிருக்கா இல்ல? பைத்தியமா உனக்கு?"

"அது போற வேகத்தப் பாருங்க மாமா. அக்கா என்னைக்கு இவ்வளவு வேகமா போயிருக்கா? கயித்துல ஆள் இல்ல."

சொல்லிவிட்டேனே தவிர, நிச்சயமில்லை. என் கணக்கு தப்பினால் அவள் எங்கோ கண்காணாத இடத்தில் மேலே வருவாள். என் பிடிவாதமே அவளைக் கொன்றுவிடும். கரையில் தெரிந்த வெள்ளைத் தண்ணீர்த் தொட்டியைக் குறியாக வைத்து, ஓட்டத்துக்கு எதிராக எஞ்சினை முறுக்கி, படகை அங்கேயே நிறுத்தினேன்.

மிதவை புள்ளியாகி மறைந்தது. மாமா கடிகாரத்தைப் பார்த்து நிமிடங்களை எண்ணத் தொடங்கினார். அது திட்டுவதைவிட மோசம். அவர்கள் முதுகுச் சிலிண்டரில் இன்னும் பத்து நிமிடக் காற்றுதான் இருக்கும். ஏழு போனது. எட்டும் போனது.

ஒன்பதாவது நிமிடம், படகுக்கு முன்னால் இரண்டு தலைகள். அக்காவின் கை டாக்டரின் தோள்பட்டையைக் கெட்டியாகப் பிடித்திருந்தது.

"பயந்துபோய்ப் பாறையக் கட்டிப்பிடிச்சவர் விடவே இல்லடி, பல்லப் பிடுங்குற பிடி! கயித்த விட்டுட்டு, ஓட்டத்துக்கு எதிரா பாறை பாறையா ஊர்ந்து போய்க் கூட்டிட்டு வந்தேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "விடும்போதே நினைச்சேன், நீ மிதவை பின்னால போயிடுவேன்னு."

"ஆமை அவ்வளவு வேகமா ஓடுமா?" என்றேன். அழுகை வந்துவிட்டது.

ஏணியில் அவள் ஒவ்வொரு படியாக, நின்று நின்று ஏறினாள். நான் அவசரப்படுத்தவில்லை.