டைகர் குதித்த தறிக்குழி

மருந்து வாங்க வருகிறவர்களில் பாதிப்பேர் பொய் சொல்வார்கள். கால்நடை ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் கம்பவுண்டராக இருந்து நான் படித்த முதல் பாடம் அது. மாட்டுக்கென்று டானிக் வாங்கிப்போய்த் தானே குடித்தவனைப் பார்த்தவன் நான். அதனால் ஒரு சட்டம் வைத்திருந்தேன். காலி அட்டையைக் கொண்டுவந்தால்தான் அடுத்த மாத்திரை அட்டை.

தொண்ணூறுகளின் கடைசியில், வண்டியூர்ப் பக்கமிருந்து சுப்புராமன் என்ற சௌராஷ்டிர நெசவாளி தன் நாய் டைகரை சைக்கிள் கேரியரில் கூடை கட்டி வைத்துக் கொண்டுவந்தார். பன்னிரண்டு வயசு நாய். பின்னங்கால் இரண்டிலும் மூட்டுவாதம். "குணமாகாது, வலியைக் குறைக்கலாம்" என்றார் டாக்டர். வெளியே விலைகூடிய மருந்து வாங்க சுப்புராமனுக்கு வசதியில்லை. ஆஸ்பத்திரி மாத்திரையையே கொடுத்தோம்.

வாராவாரம் காலி அட்டை தவறாமல் வந்தது. நாய் மட்டும் தேறவில்லை. இவ்வளவு ஒழுங்காக அட்டை கொண்டுவருகிறவன் கள்ளனாகத்தான் இருப்பான் என்று எனக்குப் பட்டது. அவரும் முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்.

"உண்மையச் சொல்லுங்க. மாத்திரைய நாய் திங்குதா, நீங்க திங்கிறீங்களா?"

அவரும் கூட வந்திருந்த அவர் மனைவி லட்சுமியும் தங்கள் சௌராஷ்டிர பாஷையில் ஏதோ கிசுகிசுத்தார்கள். பிறகு சுப்புராமன், "நாய்க்குத்தாண்ணே குடுக்குறோம்" என்றார். என் சந்தேகம் உறுதியானது.

அடுத்த வாரம் டைகர் பின்னங்காலைத் தரையில் இழுத்தது. "வலி தாங்காமக் கத்துதுண்ணே. ஒரேயடியா ஊசி போட்டு அனுப்பிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு சுப்புராமன் சுவரைப் பார்த்துக்கொண்டார். டாக்டர் அன்று மேலூரில் முகாமுக்குப் போயிருந்தார். நாளைக்கு வரச் சொல்லிவிட்டு, சாயங்காலம் சொல்லாமல் சுப்புராமன் வீட்டுக்குப் போனேன். கையும் களவுமாகப் பிடிக்கத்தான்.

லட்சுமி சோற்று உருண்டைக்குள் மாத்திரையை வைத்து ஊட்டிக்கொண்டிருந்தார். டைகர் விழுங்கியது. உள்ளே தறிச் சத்தம் கேட்டதும் காலை இழுத்துக்கொண்டு போய், தறிக்குழிக்குள் தொப்பென்று குதித்தது. சுப்புராமன் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதித்துக்கொண்டிருந்தார். அவர் காலடியில், ஈர மண்ணில் டைகர் சுருண்டு படுத்தது.

"எம்புட்டு நாளா இப்படி?"

"குட்டியிலருந்தேண்ணே. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவ குதிக்கும். நாந்தான் தூக்கி மேல விடுவேன்."

மாத்திரை ஆற்றியதைக் குழி கெடுத்துக்கொண்டிருந்தது. அடப்பாவி, நாய் எங்கே படுக்கிறது என்று ஒருநாளாவது கேட்டேனா? எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் நான் குழி விஷயத்தைச் சொன்னதும் டாக்டர் ஊசி போடவில்லை. "ஒடம்புக் கனத்தக் கொறைக்கணும், சோத்தக் கொறைங்க" என்றார். சுப்புராமன் குழியின் ஓரத்தில் பழைய பலகையைச் சரிவாக வைத்து, வழுக்காமல் சாக்குச் சுற்றி ஆணி அடித்தார். அடியில் காய்ந்த சாக்கு இரண்டு மடிப்பு. அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் டைகர் தன் காலாலேயே இறங்கி ஏறியது.

ஒருநாள் லட்சுமியிடம் கேட்டேன். "அன்னைக்கு ரெண்டு பேரும் என்னத்தப் பேசிக்கிட்டீங்க?"

"மருந்துக்கு வலி கேக்கலன்னு சொல்லிருவமான்னு கேட்டேண்ணே. எங்க வீட்டுக்காரருதான் வேணாம், காலி அட்டயெல்லாம் கேட்டு வாங்கி அம்புட்டு அக்கறையாப் பாக்குறாரு, மனசு சங்கடப்படும்னாரு."

காலி அட்டை கேட்பதை நான் கடைசிவரை விடவில்லை. ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்று கேட்கப் பழகிக்கொண்டேன்: "எங்க படுக்குது?"