மெயின் சுவிட்சை அணைத்த அருணாதேவி

என் அத்தை மகள் அருணாதேவி வேங்கிக்காலில் சின்ன லாட்ஜ் நடத்துகிறாள். 2003-இல் அறைப் பதிவுக்கென்று ஒரு சர்வர் வாங்க நினைத்தாள். அதில் விண்டோஸ் போடுவதா, லினக்ஸ் போடுவதா என்பதுதான் கேள்வி.

துபாயிலிருந்து லீவில் வந்திருந்த நான், “எல்லாருக்கும் தெரிஞ்ச விண்டோஸே போடு” என்றேன். சர்வர் நின்றுபோனால் பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் ஒரே அறையை இரண்டு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்களே என்று எனக்குப் பயம்.

அவளுக்கோ பரீட்சித்துப் பார்க்கும் ஆசை. கடைக்காரர் வல்லரசு இரண்டையும் இரண்டு கம்ப்யூட்டர் பெட்டிகளில் போட்டு ஓடவிட்டதும், மெயின் சுவிட்சை அணைத்தாள்.

“அய்யோ, இன்னாக்கா பண்றீங்க!” என்றார் வல்லரசு.

“நம்மூரு கரண்டு உன்னைக் கேட்டுட்டா போவுது?”

மறுபடி சுவிட்சைப் போட்டாள். லினக்ஸ் பெட்டியில் பதிவு புரோகிராம் தானாக ஓடத் தொடங்கியது. விண்டோஸ் பெட்டியில் வல்லரசு அமைத்திருந்த புரோகிராம், யாராவது பாஸ்வேர்டு அடிக்கட்டும் என்று காத்திருந்தது.

“ஒருவாட்டி அடிச்சா போதும்க்கா. இல்லன்னா மாத்தி அமைக்கலாம்.”

“பௌர்ணமிக்கு யாரு அடிப்பா? என் ஆளுங்க மொத்தமும் மலை சுத்தப் போயிடும். நீயும்தான் போவ. கவுண்டர்ல எங்கம்மா மட்டும்தான். தானா எழுந்துக்கறதையே வை.”

அடுத்து வந்த பௌர்ணமியில் மலை சுற்ற என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பாதையில் அடி அண்ணாமலை வந்தபோது தெருவிளக்கெல்லாம் அணைந்தது. நான் நின்றுவிட்டேன்.

“நட மாமா, அது பாத்துக்கும்.”

திரும்பி வந்தபோது அத்தை சாவிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். “நடுவுல கரண்டு போச்சுடி. வந்ததும் அதுவும் வந்துடுச்சி. ரூம் காலி இல்லன்னு அதுவே சொல்லிச்சி, நானும் அதையே சொல்லி அனுப்பிட்டேன்.”