நான்கு செடிகளுக்காக ஒரு கூரை

கோத்தகிரியில் ஆடிக் காற்று எழுந்தால் மரம் விழும், கரண்ட் போகும், கூடவே எங்கள் மகளும் போய்விடுவாள். அவள் அயர்லாந்தில் நர்ஸ். ஞாயிறு மதியம் வீடியோவில் வருவாள். கரண்ட் இல்லையென்றால் வைஃபை இல்லை. எங்கள் சரிவில் செல்போன் சிக்னலும் எட்டாது. கறுத்த திரையையே பார்த்திருப்பேன். அதில் தெரிவது என் முகம்தான். அதை ஏற்கெனவே போதுமான அளவு பார்த்தாயிற்று.

கரண்டைப் பறிக்கும் காற்றிடமே கேட்டு வாங்குவோம் என்று, பேட்டரியோடு சின்னக் காற்றாலை ஒன்று வாங்கினேன். "ஊட்டை விட்டுத் தள்ளிக் கம்பம் நட்டு வையுங்க" என்றார் விற்றவர். அதற்கு நான்கு தேயிலைச் செடிகளைப் பிடுங்க வேண்டும். தேயிலை ஃபாக்டரி குமாஸ்தாவான எனக்கு மனம் வருமா? தகரக் கூரையின் முகட்டிலேயே பொருத்திவிட்டேன்.

மூன்றாம் ஞாயிறு ஊரில் கரண்ட் இல்லை. மகள் திரையில் சிரித்தாள். என் மேதைமையை விளக்கத் தொடங்கியபோது கூரை தடதடத்தது.

"ஏனுங்க, ஊடே கெளம்புதுங்க!" மனைவி ஸ்டெல்லா என் சட்டையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தாள். என் நாற்காலிமேல் இரண்டு தகரங்களோடு காற்றாலை இறங்கியது.

"செடி பத்திரமா இருக்குதுங்க" என்றாள்.

இப்போது அந்தச் செடிகள் இல்லை. அங்கே கம்பம் நிற்கிறது, நாலு பக்கமும் இழுவைக் கம்பிகளோடு. காற்று மிஞ்சினால் விசிறியை நிறுத்திக் கட்டிவிடுகிறேன். மகளிடம் விளக்கவுரையும் இல்லை.

"அப்பா, போனைக் கொஞ்சம் வெளிய நீட்டுங்க. நம்மூரு காத்தைக் கேக்கணும்" என்கிறாள்.

கை வலிக்கும்வரை நீட்டியபடி நிற்கிறேன்.