மெழுகில் பதிந்த பேச்சு

கப்பல் பட்டறை வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் என் கணவர் சிங்கப்பூரில் எங்கள் பிடோக் வீட்டுச் சாப்பாட்டு மேசையைத் தனதாக்கிக்கொண்டார். ஒரு கண்காட்சியில் அந்தக் காலத்து ஒலிப்பதிவுக் கருவியைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். சுழலும் மெழுகு உருளை, அதைக் கீறும் ஊசி, பேச்சுக்கு அதிர்ந்து ஊசியை அசைக்கும் மெல்லிய தகடு, வாய் வைத்துப் பேச ஒரு கூம்பு. மின்சாரமே வேண்டாம். அதைத் தானும் செய்துபார்க்க வேண்டும் என்றார்.

செய்துவிட்டார். அதுதான் பேச மறுத்தது. மெழுகுவர்த்தியை உருக்கி வார்த்த உருளை இந்த ஊர் வெக்கையில் இளகிப்போனது. தேன்மெழுகு ஊசியில் அப்பிக்கொண்டது. இரண்டையும் கலந்து, சோப்பு காய்ச்சுகிறவர்கள் போடும் ஏதோ ஒரு தூளையும் சேர்த்து, ஃபிரிட்ஜில் என் மீன் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்து இறுக வைத்தார். தகட்டுக்கு பிஸ்கட் டின் மூடி, பிளாஸ்டிக் தாள், சிராங்கூன் சாலையில் மேளம் விற்கும் பாய் கடையில் வாங்கிய தோல் என்று எல்லாவற்றையும் மாட்டிப் பார்த்தார்.

கேட்டுச் சொல்ல என் காது வேண்டியிருந்தது. அவருக்குக் காது மந்தமாகிக்கொண்டு வந்தது. அதை அவர் ஒப்புக்கொள்வதில்லை. "நீ கேட்டுச் சொல்லு, நான் மெஷினைப் பாக்கணும்" என்பார். முன்பே தெரிந்த வாக்கியம் என்றால் கேட்காததும் கேட்டதுபோல் தோன்றுமாம். அதனால் என்னை அறைக்குள் அனுப்பி, ரேடியோவைப் போடச் சொல்லிவிட்டுத்தான் கூம்பில் பேசுவார். பிறகு ஊசியை அதே கீறலில் மறுபடி ஓடவிட்டு என்னைக் கூப்பிடுவார்.

"என்ன கேட்டுச்சு?"

"கொசு பாடுற மாதிரி இருக்கு."

"நேத்து அதுகூட இல்லையே லா" என்று சந்தோஷப்படுவார்.

ஒருநாள் அவர் 'தஞ்சோங் பகார்ல எறங்கு' என்று பேசியிருக்கிறார். எனக்கு அது 'தங்கச்சி, பல்லைக் காட்டு' என்று கேட்டது. அன்று வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தோம்.

பிறகு எங்கிருந்தோ கண்ணாடிபோல் மெல்லிய மைக்கா தகடு வாங்கி வந்து பொருத்தினார். வழக்கம்போல் அறையிலிருந்து வந்து கூம்பருகே குனிந்தேன். இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் மெலிதாக, ஆனால் தெளிவாக வந்தது: "நீ கூப்பிடுறது எனக்குச் சரியா கேக்கல. கோவிச்சுக்காத."

"என்ன கேட்டுச்சு?" என்றார், என்னைப் பார்க்காமல்.

அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னேன்.

"எல்லாம் கேட்டுச்சுங்க. எனக்குக் கோவம் இல்ல. காது டாக்டரைப் போய்ப் பாப்போமா?"

"மைக்கா நல்லா வேலை செய்யுது" என்றார். ஊசியைத் துடைத்து வைத்தார். சற்றுக் கழித்து, "போவோம்" என்றார்.

இப்போது இரண்டு காதிலும் கருவி மாட்டியிருக்கிறார். விடிகாலையில் கீழே மரத்திலிருந்து கூவும் குயில் தூங்கவிடுவதில்லை என்று புகார் சொல்கிறார். அந்த மெழுகு உருளையை முதல்முறையாகத் தானே கேட்டபோது முகம் சுளித்தார்.

"ஒரே இரைச்சலா இருக்கு. இதையா எல்லாம் கேட்டுச்சுன்னு சொன்ன?"

மறுநாள் காலையிலேயே அடுப்பில் மெழுகு ஏறிவிட்டது.