பாக்குத் தோப்புக்குள் போகும் பாதை

இன்று காலை மேட்டுப்பாளையம் அருகே மலையேறக் கிளம்பினேன். மலையேறுபவர்கள் பாதைகளைப் பதிவேற்றும் ஆப் காட்டிய பாதை நேராக ஒரு பாக்குத் தோப்புக்குள் போனது.

தோப்புக்கார அம்மா மறித்தார். "ஏனுங்க, நீங்களும் போனப் பாத்துத்தான் வந்தீங்களா? வாரவாரம் ஆளுங்க வாராங்க. யானை நடமாடற எடமுங்க இது. இந்தப் பாதையப் போட்ட மகராசன் ஆருன்னு தெரிஞ்சாச் சொல்லுங்க."

"சொல்றேனுங்க" என்று ஆப்பில் தேடினேன்.

என் பெயர் இருந்தது.

போன வருடம் மழையில் வழி தவறி இந்தப் பக்கம் இறங்கியிருக்கிறேன். பாதையைப் பெருமையாகப் பதிவேற்றிவிட்டு, வழி தவறியதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. திரும்பி வந்து பாதையை அழித்துவிட்டேன். டவுன்லோட் செய்து வைத்திருப்பவர்களும் அழித்துவிடுங்கள். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்கள் அதையும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.