மூடிய ஆலையின் புகை

கும்மிடிப்பூண்டியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இரும்பு உருக்கும் ஆலை ஒன்று இருந்தது. கொடியில் துணி கறுத்தாலும், யாருக்காவது இருமல் வந்தாலும் அதைத்தான் திட்டுவோம். அதை மூடச் சொல்லி திருவள்ளூர் கலெக்டர் ஆபீசில் கொடுத்த மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது.

தினமும் சமையல் முடிந்ததும் பின்சுவர் ஓரம் குப்பையைக் கொளுத்துவேன். பால் கவர், ஷாம்பு பாக்கெட், உடைந்த பொம்மை, சீடி வந்தபின் யாரும் கேட்காத கேசட்டுகள். எல்லாம் குமிழியிட்டு உருகும். நைட்டியோடு நின்று ஒரு குச்சியால் கிளறிவிடுவேன்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு ஆலை மூன்று நாள் விடுமுறை. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு மேரி கைக்குழந்தையோடு சுவரருகே வந்தாள். குழந்தைக்கு மூச்சு விசில்போல் இழுத்தது. வெள்ளைத் துணியால் அதன் மூக்கைத் துடைத்தாள். சளி கரிக்குழம்பாக வந்தது.

"பாழாப்போன கம்பெனிப் புகை, புள்ளய இன்னா பாடு படுத்துது பாரு," என்றேன், வழக்கம்போல.

"கம்பெனிதான் மூணு நாளா மூடி கீதேக்கா," என்றாள் மேரி. குரலில் கோபம்கூட இல்லை. என் கையிலிருந்த குச்சியையே பார்த்தாள். அதன் நுனியில் உருகிய பிளாஸ்டிக் கறுப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

மனு எழுதியபோது அந்த ஆலை முதலாளியைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். ஊர்ப் பிள்ளைகள் மூச்சுக்குத் தவிக்க, தன் வேலை முடிந்தால் போதும் என்றிருக்கும் ஆள் எப்படி இருப்பார் என்று. நைட்டி போட்டிருப்பார் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.