தம்பியின் படகுக்கு நான் பார்த்த வைத்தியம்

என் வலது கை முழங்கை வரை படகின் அடிவயிற்றுக்குள் இருந்தது. தரைப்பலகை ஒன்றைப் பெயர்த்து எடுத்துவிட்டு, குப்புறப் படுத்து, கறுப்பாகத் தேங்கிக் கிடந்த தண்ணீரில் துழாவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் தம்பி டார்ச் விளக்கோடு குந்தியிருந்தான். வெளிச்சம் முழுக்க என் முகத்தில் அடித்தது.

“டேய், ஒழுகுறது என் மூஞ்சியா? உள்ள காட்டுடா.”

“உன் முகத்தப் பாத்தாதானக்கா விஷயம் மோசமா இல்லையான்னு தெரியும்.”

விரலை வெளியே எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. அப்படியானால் மழைத்தண்ணீர் இல்லை, குடிதண்ணீர்த் தொட்டியின் ஒழுகலும் இல்லை. கடல்தான் எங்கோ ஒரு வழியாக உள்ளே வருகிறது. “உப்பு” என்று அறிவித்தேன், பரிசோதனைக்கூடத்திலிருந்து முடிவு வந்ததுபோல.

எனக்குப் படகைப் பற்றி ஒன்றும் தெரியாது. படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையை முப்பது வருடத்துக்கு மேல் செய்தவள். புரட்டிப் போடுவேன், துடைப்பேன், பவுடர் போடுவேன், உள்ளே எவ்வளவு போனது வெளியே எவ்வளவு வந்தது என்று கவனிப்பேன். இதில் ஒரு கெடுதல் உண்டு. ஓய்வு பெற்ற பிறகும் கண்ணில் படுவதெல்லாம் நோயாளியாகவே தெரியும். பக்கத்து வீட்டு ஸ்கூட்டருக்கு மூச்சிரைப்பு என்று சொல்லி அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை போனது தனிக் கதை.

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். எதுவும் கெட்டுப்போய்விட்டது என்று அவன் சொல்லி நான் கேட்டதில்லை. “யோசிக்குது” என்பான். ஒருமுறை ஒரு கட்டடத்தில் ஓர் அம்மாள் இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்டில் மாட்டிக்கொண்டு அலறினார். இவன் மேலே ஏறிச் சரிசெய்துகொண்டே, அவருடைய மருமகள் புராணம் மொத்தத்தையும் ‘ம்’ கொட்டிக் கேட்டிருக்கிறான். லிஃப்ட் தரைக்கு வந்து கதவு திறந்த பிறகும், பாக்கிக் கதையைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் அந்த அம்மாள் வெளியே வந்தாராம்.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு இந்தப் பழைய மரப்படகை வாங்கினான். துறையில் கட்டிப்போட்டு அதிலேயே குடியிருக்கிறான். அதை ஓட்டுவதில்லை. நீச்சலும் தெரியாது. கேட்டால், “நீச்சல் தெரிஞ்சா எதுக்குப் படகு வாங்கப் போறேன்?” என்பான். துறையில் எல்லோரும் அவனை ‘கேப்டன்’ என்று கூப்பிடுகிறார்கள். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று அவன் பிரித்துப் பார்த்ததில்லை.

படகின் அடியில் தண்ணீர் சேர்ந்தால் ஒரு சின்ன மிதவை எழும்பும், பம்பு தானாக ஓடி வெளியே இறைத்துவிட்டு நிற்கும். அந்தப் பம்பு சில வாரங்களாக ஓயாமல் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. போன வாரம் நான் போய் வழக்கம்போல ஒரு முடிவைச் சொன்னேன்: இதயம் பலவீனம், பெரிதாக ஒன்று மாற்ற வேண்டும். மாற்றினோம். பெரிய பம்பு பெரிய சத்தம் போட்டது. பக்கத்துப் படகுக்காரர் தூக்கம் போகிறது என்று புகார் கொடுத்தார். அதனால்தான் அன்று காலையில் துறை மேற்பார்வையாளர் வந்து நின்றார். ஆக, அவரைக் கூட்டிவந்தது என் வைத்தியம்.

நல்ல மனிதர்தான். ஆனால் பேச்சில் வளைவு நெளிவு கிடையாது. “கேப்டன், சாயங்காலம் பம்ப நிறுத்திடுங்க. நாளைக்குக் காலைல வந்து பலகையத் தூக்கிப் பாப்பேன். தண்ணி தேங்கி நின்னா படகக் கரை மேல ஏத்திடுவோம். துறைக்குள்ள முழுக விட முடியாது.”

மேலே ஏற்றினால் என்ன ஆகும் என்று மூன்று பேருக்கும் தெரியும். அந்த வயதுப் படகு வெயிலில் காய்ந்தால் பலகை பிளந்துவிடும், திரும்ப இறங்காது. தம்பி என் வீட்டுக்கு வந்தாக வேண்டும். மகள் வீட்டில் அவள் குடும்பத்துக்கே இடம் போதவில்லை.

நாங்கள் இருவரும் இரண்டு அறையில் ஒன்றாக இருந்தால் ஒரு மாதத்துக்குள் ஒருவரை ஒருவர் வெளியே தள்ளிவிடுவோம். அவன் எதையும் எடுத்த இடத்தில் வைக்கமாட்டான். அவன் வைத்த இடத்தில் நான் எதையும் இருக்கவிடமாட்டேன். சம்பளத்துக்கு எல்லோரையும் பொறுத்துக்கொண்டவள் நான். இலவசமாகப் பொறுத்துக்கொள்ள எனக்குப் பழக்கமில்லை. அதனால்தான் குப்புறப் படுத்திருந்தேன். பாசம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.

உப்பு என்று தெரிந்ததும் அடுத்த முடிவுக்குத் தாவினேன். படகின் பின்பக்கம், படகைத் தள்ளும் விசிறியைச் சுழற்றும் இரும்புத் தண்டு அதன் உடம்பைத் துளைத்து வெளியே போகும் இடத்தில் சொட்டுச் சொட்டாக ஒழுகியது.

“கண்டுபிடிச்சாச்சு. இறுக்குடா.”

“அது கொஞ்சம் சொட்டணும்க்கா. சொட்டலன்னா தண்டு சூடாயிடும்.”

“மூக்கொழுகுற பசங்க எல்லாம் அப்படித்தான் சொல்லும். இறுக்கு.”

என்னைச் சமாதானப்படுத்த நட்டை அரைச்சுற்றுத் திருப்பினான். சொட்டுவது குறைந்தது, தேங்கி நின்ற தண்ணீர் குறையவில்லை. மத்தியானம் வரை கடலுக்குள் போகும் ஒவ்வொரு குழாயின் மூட்டையும் தடவித் தடவிப் பார்த்தோம். குழாயை இறுக்கிப் பிடிக்கும் பழைய கிளாம்ப் ஒன்று கையோடு வந்தது. அதை மாற்றினான். தண்ணீர் அதற்கும் அசையவில்லை.

“அக்கா, படகு யோசிக்குது.”

“யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள நீ என் வீட்டுக் கூடத்துல பாய் விரிச்சிருப்ப.”

அதைச் சொன்னதும் அவன் எழுந்து போனான். போய், ஜன்னல் கண்ணாடியை அழுக்கில்லாத இடத்தில் துடைத்துக்கொண்டு நின்றான். நான் இரண்டு வார்த்தை குறைத்துப் பேசியிருக்கலாம்.

அப்போதுதான் எனக்கு வேலைக்காகிற யோசனை ஒன்று வந்தது. பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்தேன். வயதானவர்களின் முதுகில் எந்த இடம் ஈரமாகிறது என்று பார்க்க அதைவிட நல்லது இல்லை. தண்ணீரை இறைத்தோம், மிச்சத்தைப் பஞ்சால் ஒற்றினோம், பழைய துண்டுகளால் காயத் துடைத்தோம். பம்பின் சுவிட்சை அணைத்தான். படகின் அடி முழுக்கப் பவுடர் தூவினேன். குளித்துவிட்டு வந்த கிழவர் போல மணந்தது.

பலகையை மூடிவிட்டு, டீ போட்டுக் குடித்துக்கொண்டு காத்திருந்தோம். அவன் மகள் போன் செய்தாள்.

“அத்தை, என்ன ஆச்சு? பேசாம அப்பாவ உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்களேன். எனக்கும் நிம்மதி.”

“உனக்கு நிம்மதி, சரி. எங்க ரெண்டு பேருக்கும்?”

“என்ன அத்தை, கூடப் பொறந்தவருதான?”

“கூடப் பொறந்தாச்சும்மா. கூட இருக்கிறது வேற வேலை.”

தம்பி சிரித்துவிட்டான். அது எனக்குப் போதுமாக இருந்தது.

பலகையைத் தூக்கினோம். இரண்டு பக்கமும் பவுடர் தூவியது தூவியபடியே இருந்தது. தண்டுக்குக் கீழே ஒரு சின்ன ஈரப்பொட்டு. நடுவில், பம்பைச் சுற்றி மட்டும் பெரிய ஈரவட்டம். பார்க்கப் பார்க்க அகலமாகிக்கொண்டே போனது. இறைக்கிற பம்பின் காலடியிலிருந்தே தண்ணீர் வந்தது.

தம்பி பம்பிலிருந்து குழாயைக் கழற்றினான். குழாய் வழியாகக் கடல் அவன் மடியில் கொட்டியது. கட்டைவிரலால் வாயை அடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

“வெளிய போற வழியாலயே உள்ள வருதுக்கா.”

குழாயை மேலே தூக்கிக் கட்டிவிட்டு இருவரும் துறையில் இறங்கி நின்று பார்த்தோம். பம்பு தண்ணீரைத் துப்பும் துளை படகின் பின்பக்கத்தில் இருக்கிறது. அது தண்ணீருக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இருக்க வேண்டியது. இப்போது தண்ணீருக்குள் இருந்தது. பம்பு வெளியே தள்ளும், நிற்கும். நின்றதும் கடல் அதே குழாயில் திரும்பி வரும், மிதவை எழும்பும், பம்பு மறுபடி ஓடும். நான் வாங்கிக் கொடுத்த பெரிய பம்பு அதே தண்ணீரை இன்னும் வேகமாக வெளியே தள்ளித் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தது.

“பின்பக்கம் ஏன்டா இப்படி உக்காந்திருக்கு?”

அவன் என்னைப் பார்த்தான். பிறகு தண்ணீரைப் பார்த்தான். “நீதான்க்கா சொல்லணும்.”

பின்னறையைத் திறந்தேன். திறக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு மாதத்துக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில் பழைய சாமான்களைக் கழித்தார்கள். அங்கே கைப்பிடி சுற்றினால் தலைமாடு எழும்பும் இரும்புக் கட்டில் ஒன்றைப் பார்த்தேன். இவன் ஒருநாள் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொள்வான் என்று எனக்கு நிச்சயம். முன்கூட்டியே வாங்கி இந்த அறையில் இறக்கிவைத்தேன். கூடவே பிடித்து நடக்கும் வாக்கர், கழிப்பறை நாற்காலி, அவசரத்துக்கு ஒரு பீப்பாய் நிறையக் குடிதண்ணீர். ஒடியாத இடுப்புக்கு ஒரு வார்டே போட்டிருந்தேன். அந்த எடையில் படகு வாலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

“கட்டில் வந்தப்பவே சொல்லியிருக்கலாமே நீ.”

“சொன்னேனே. இடமில்லன்னு.”

“இடமில்லன்னு சொன்ன. மூழ்கும்னு சொன்னியா?”

“அது எனக்கும் தெரியாதேக்கா. கேப்டன்னு அவங்க கூப்பிடுறாங்க, நான் கூப்பிட்டுக்கல.”

வெளிச்சம் இருக்கும்போதே எல்லாவற்றையும் துறையில் இறக்கினோம். பீப்பாயைத் திறந்து தண்ணீரைக் கொட்டினோம். கட்டில் வாசலில் மாட்டிக்கொண்டபோது அவன் இந்தப் பக்கமும் நான் அந்தப் பக்கமும் நின்று ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டோம். அது வெளியே வந்ததும் படகு மெல்ல நிமிர்ந்தது, துளை தண்ணீருக்கு மேலே தலைகாட்டியது. இனி இன்னொரு அக்கா இன்னொரு கட்டிலோடு வந்தாலும் ஆபத்து இல்லாதபடி, குழாயைக் கூரையருகே உயர வளைத்துக் கட்டி, பிறகு துளையில் சேர்த்தான். நான் மறுபடி துடைத்தேன், மறுபடி பவுடர் தூவினேன். பம்பை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். தூங்கினேன் என்று சொல்ல முடியாது.

மறுநாள் காலை மேற்பார்வையாளருக்கு முன்பே போய்விட்டேன். தம்பி பலகையைத் தூக்கிப் பார்த்திருக்கவில்லை. அவர் வந்து பார்க்கட்டும் என்று அதன் மேலேயே உட்கார்ந்திருந்தான். சட்டை மட்டும் இஸ்திரி போட்டது.

அவர் வந்தார். பலகையைத் தூக்கினார். கையை உள்ளே விட்டு ஒரு மூலை விடாமல் தடவினார். வெளியே எடுத்தபோது மணிக்கட்டு வரை வெள்ளை.

“என்ன கேப்டன் இது, படகா, பச்சக் குழந்தையா?”

“அக்காவோட வைத்தியம் சார்.”

தண்டுக்குக் கீழே இருந்த ஈரத்தைக் காட்டினார். “இது?”

நான் வாயைத் திறந்தேன். தம்பி என்னைப் பார்த்தான். மூடிக்கொண்டேன்.

“அது கொஞ்சம் சொட்டணும் சார்” என்றான் அவன். மேற்பார்வையாளர் தலையாட்டினார், கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார், படகு தண்ணீரிலேயே இருக்கலாம் என்றார். துறையில் வழியை மறித்துக்கொண்டு நிற்கும் கட்டில் மட்டும் பத்து மணிக்குள் போயாக வேண்டும் என்றார்.

கைவண்டி ஒன்று பிடித்தோம். தம்பி இழுத்தான், நான் பின்னாலிருந்து தள்ளினேன். என் வீட்டுக் கூடத்தில் அவனுக்காக நான் நேற்று இரவே ஒதுக்கி வைத்திருந்த இடத்தில் கட்டிலைப் போட்டோம். அவன் ஒரு வாய்த் தண்ணீர் குடித்தான், டம்ளரைக் கண்ட இடத்தில் வைத்தான், படகுக்குத் திரும்பிப் போனான்.